ஏழாம் நம்பர் வீட்டு மாமியார்

மார்கிரட்டுக்குத் தன் முகத்தைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஆனால் தன் குரலைப் பற்றி ஒரு நாளும் அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை. றொசல்ல ஸ்டேஷனில் நின்று அவள் கூப்பிட்டால் மேல்மலை லயத்து வரிசை வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும் என்று அவள் புருஷன் சூசைரட்ணம் சொல்வார். அவர் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். ஒன்றைப் பத்தாக்கிப் பேசுகிற ஆள் இல்லை.

அந்தக் குரல் முதன்முதலில் மேடை ஏறியது ஒரு தவக்காலத்தில். ஆண்டவருடைய பாடுகளைக் கோயில் முற்றத்தில் நாடகமாகப் போட்டார்கள். மார்கிரட்டுக்குக் கிடைத்தது நெருப்பருகே நிற்கிற வேலைக்காரி வேஷம். குளிர்காய வந்த சீடர் இராயப்பரைப் பார்த்து, "நீயும் அவரோடு இருந்தவன்தானே?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வசனம். இராயப்பராக நின்றவன் கொழுந்து மடுவத்தில் நிறுவை பார்க்கிற தடியன். மூன்று தரம் "இல்லை" என்று மறுதலிக்க வேண்டியவன், மார்கிரட் கேட்ட கேள்வியில் ஆடிப்போய், முதல் தரமே, "ஆமா தாயே, இருந்தேன்" என்று கும்பிட்டுவிட்டான். வேதாகமமே தடம் மாறப் பார்த்தது. திரைக்குப் பின்னாலிருந்து சாமியார், "இல்லன்னு சொல்லுடா மடையா!" என்று கத்தியது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் கொழும்பு வானொலியில் நாடகம் தயாரிக்கிற ஒருவர் இருந்தார். சாமியாரின் ஒன்றுவிட்ட தம்பி. ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் சிரிக்காமல் மார்கிரட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்தாம் ஆண்டு வைகாசியில் அவள் கொழும்புக்கு ரயில் ஏறினாள்.

அந்தக் காலத்து நாடகங்களில் மலைநாட்டுக்காரி என்றால் வேலைக்காரி, வேலைக்காரி என்றால் சிரிப்பு. மார்கிரட்டுக்கும் ஒரு வேலைக்காரிதான் கிடைத்தாள். கொஞ்சம் இழுத்துப் பேசினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்று யாரோ யோசனை சொன்னார்கள். "எங்க பக்கத்துல யாரும் இப்படிப் பேசுறதில்லங்க. நாங்க பேசுற மாதிரி பேசட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பேசினாள். யாரும் சிரிக்கவில்லை. தயாரிப்பாளர் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்குப் பிறகு 'ஏழாம் நம்பர் வீடு' வந்தது. புதன்கிழமை தோறும் பின்னேரம் ஆறரைக்குத் தொடர் நாடகம். அதில் தைலம்மாள் என்றொரு மாமியார். அந்த வேஷத்துக்கு முதலில் பிடித்திருந்த அம்மாவுக்குத் தங்கமான மனசு. அது குரலிலும் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் வில்லங்கம். அவர் மருமகளைத் திட்டினால் தாலாட்டுப் பாடுவது போல இருந்தது. அன்று வேலைக்காரிக்குக் குரல் கொடுக்க வந்திருந்த மார்கிரட், "நான் ஒரு தடவ வாசிச்சுப் பாக்கட்டுங்களா?" என்றாள். வாசித்தாள். அவள் முடித்தபோது மருமகளாக நடித்த பெண்ணின் கண்ணில் நிஜக் கண்ணீர் நின்றது. அன்றிலிருந்து தைலம்மாள் மார்கிரட்தான்.

அவளுக்கு அந்தத் திட்டெல்லாம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அவளுடைய சொந்த மாமியார் மாதா சுரூபத்துக்கு மாலை கட்டியே காலத்தைக் கழித்த மனுஷி. மருமகளை 'அடி' என்றுகூடச் சொன்னதில்லை. மார்கிரட்டின் பள்ளிக்கூடம் பீலிக்கரை. மலையிலிருந்து தகரப் பீலியில் தண்ணீர் கொட்டுகிற இடத்தில், கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து லயத்துப் பெண்கள் குளிப்பார்கள், துவைப்பார்கள், அழுவார்கள். யார் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பது அங்கே வந்துவிடும். நாடகம் எழுதுகிறவர், "உனக்கு இன்று உணவு கிடையாது" என்று எழுதிக் கொடுத்தால், மார்கிரட் அதை ஓரமாக வைத்துவிட்டு, பீலிக்கரையில் கேட்டதைப் பேசுவாள். எழுதுகிறவர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு, "அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார்.

தைலம்மாளுக்கு நாடு முழுக்கச் சாபம் குவிந்தது. ஹட்டன் கடைத்தெருவில் மார்கிரட் ஒரு சேலைக்கு விலை கேட்டால், பக்கத்தில் நிற்கிற பெண் தன் மகளை இழுத்துக்கொண்டு இரண்டடி நகர்ந்து நிற்பாள். மார்கிரட் அதைப் பதக்கம் போல வாங்கிக்கொள்வாள். "திட்டு நின்னுச்சுன்னா தொழில் படுத்துருச்சுன்னு அர்த்தம்" என்பாள் வீட்டுக்கு வந்து.

இப்படிப்பட்டவளுக்கு ஆண்டவர் ஒரு மகனைக் கொடுத்திருந்தார். மகன் என்றால் ஒரு நாள் மருமகளும் வரத்தானே வேண்டும்?

மகன் டக்ளஸ் ஹட்டனில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதினான். டயகமப் பக்கத்துத் தோட்டத்து ஆரோக்கியம் கங்காணியின் மகள் இசபெல், புள்ளக்காம்பராவில் வேலை செய்தாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகிற நேரம் தொட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஏதோ ஒரு திருவிழாவில் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். மற்றதைப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று கங்காணி, "சம்மந்தியம்மா ரேடியோவுல பேசுறாங்களாமே?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் சூசைரட்ணம். ஞாயிற்றுக்கிழமை செபம் சொல்கிறவள் போலிருக்கிறது என்று கங்காணி தாமாக நினைத்துக்கொண்டு பயபக்தியோடு தலையாட்டினார். நாடகமெல்லாம் பொம்பளைச் சமாச்சாரம் என்று புதன்கிழமை ஆறரைக்கு வெளியே போய்விடுகிற மனுஷர் அவர். வீட்டில் நாடகம் தவறாமல் கேட்கிற பெரிய ஆள் அவருடைய அக்கா அந்தோனியம்மா. தாயில்லாத இசபெலைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பெண் பார்த்த அன்று அவள் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் போயிருந்தாள். வினை அங்கேதான் ஒளிந்திருந்தது.

கோயில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு தொடர்ந்து பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் அறிவிப்பார். பேருக்குத்தான் கேட்பது. யாரும் எழுந்து சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

இரண்டாவது ஓலை வாசிக்கிற ஞாயிறு, பெண் வீட்டாரோடு ஒரு பூசை காண்பது மரியாதை என்று மார்கிரட்டும் சூசைரட்ணமும் டயகமவுக்குப் போனார்கள். பூசைக்கு முன்னால் செபமாலை சொன்னார்கள். மார்கிரட் முக்காட்டை இழுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் முழந்தாளிட்டிருந்தாள். நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் செபமானாலும் சரி, நாடகமானாலும் சரி, முணுமுணுக்கத் தெரியாத பிறவி அவள். "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று அவள் குரல் எழும்பியதும், முன் வரிசையில் ஒரு தலை படக்கென்று திரும்பியது. தவளை தன் வாயால் கெட்டது.

அந்தோனியம்மா அதற்குப் பிறகு பீடத்தைப் பார்க்கவே இல்லை. பூசை முழுக்கக் கழுத்தைத் திருப்பி மார்கிரட்டையே பார்த்தாள். மார்கிரட்டுக்கு அந்தப் பார்வை பழக்கம்தான்; உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டாள் என்று சொன்னால் அது பொய்யில்லை. சாமியார் ஓலையை வாசித்து, தடை ஏதும் அறிந்தவர்கள் என்று தொடங்கியதும் அந்தோனியம்மா எழுந்து நின்றாள்.

"தடை இருக்கு சாமி."

கோயிலில் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதுகூட நிறுத்திவிட்டது.

"என்னம்மா தடை?" என்றார் சாமியார். ஆண்டவரே, பையனுக்கு வேறெங்கும் பெண்சாதி இருக்கிறாளோ என்று அவர் முகம் வெளுத்தது.

"மாமியா!" அந்தோனியம்மா கையை நீட்டினாள். "அந்தா, முக்காடு போட்டுக்கிட்டு இருக்காளே, அது தைலம்மா சாமி! ஏழாம் நம்பர் வீட்டுத் தைலம்மா! போன கிழமை அந்த மருமகப் புள்ளைய நெறமாசமா இருக்கச்சொல்ல ஆட்டுக்கல்லுல ஒக்கார வச்சவ. அவ வீட்டுக்கு எம் புள்ளைய அனுப்ப மாட்டேன்!"

பெண்கள் பக்கம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது. ஆண்கள் பக்கம் என்னவென்று புரியாமல் ஒருவரையொருவர் பார்த்தது. ரேடியோவில் நடிப்பது கோயில் சட்டப்படி தடையாகாது என்று சாமியார் சொல்லி, அவசரமாக மணியடிக்கச் செய்து பூசையைத் தொடர்ந்தார். ஆனால் சட்டத்தில் ஆகாவிட்டால் என்ன? பெண்ணைக் கொடுக்கிறவர்கள் கொடுக்க மாட்டோம் என்றால் முடிந்தது கதை.

பூசை முடிந்ததும் வெளியில் கூட்டம் கூடியது. ஆரோக்கியம் கங்காணி தலையில் கை வைத்து நின்றார். "அக்கா, அது நாடகம்க்கா" என்றார்.

"நாடகம்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன கிறுக்கியா?" என்றாள் அந்தோனியம்மா. "மனசுல இல்லாதது வாயில வருமா? வெறும் நடிப்புன்னா அவ்வளவு வெசம் எங்கேருந்து வரும்? சொல்லு!" பிறகு மார்கிரட்டின் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு உங்க மேல கோவமில்ல. எம் புள்ளைக்கு ஒரு தாய் வேணும், அவ்வளவுதான். ரேடியோவ விட்டுருங்க. அடுத்த ஞாயிறு மூணாவது ஓலைக்கு முந்தி விட்டுட்டேன்னு வந்து சொன்னா பொண்ணு ஒங்க பொண்ணு. இல்லாட்டிப் போனா இந்தப் பேச்சு இத்தோட சரி."

அவளுடைய இடது கை முட்டி வரைக்கும் சுருங்கி வழவழப்பாக இருந்ததை மார்கிரட் அப்போதுதான் கவனித்தாள். பழைய தீக்காயம். கேட்காமலே பக்கத்தில் நின்ற ஒருத்தி காதோரம் சொன்னாள்: கல்யாணமான புதிதில் மாமியார் கொதிக்கிற கஞ்சியை ஊற்றியது. அத்தோடு தம்பி வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை.

மார்கிரட் அந்தக் கையையே பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே வலித்தது.

வீட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டு டக்ளஸ் அவள் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தான். "அம்மா, எழுதுறவருகிட்டச் சொல்லித் தைலம்மாளத் திருந்த வைக்க முடியாதா?" என்றான்.

"தைலம்மா திருந்துனா நாடகம் அன்னைக்கே செத்துரும்டா."

"அப்ப விட்டுருவீங்களா?"

"விட மாட்டேன்." மார்கிரட் அடுப்பில் விறகைத் தள்ளினாள். "எட்டு வருஷமா ரயில்ல போயிப் போயிச் சம்பாதிச்ச பேருடா இது. எங்க ஆளுக பேச்ச ரேடியோவுல கேட்டுச் சிரிச்சவன்லாம் இன்னைக்கு அதே பேச்சக் கேட்டுப் பயப்படுறான். அத விடச் சொல்லுறியா? விட மாட்டேன். ஒனக்கு அந்தப் புள்ளையையும் கட்டி வைப்பேன்."

"ரெண்டும் எப்படிம்மா நடக்கும்?"

"எப்படின்னு தெரியல. ஆனா நடக்கும்" என்றாள் மார்கிரட். இதுதான் அவள். ஆற்றைக் கண்டால் முதலில் இறங்கிவிடுவாள், ஆழம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை மத்தியானம் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு தனியாகப் புறப்பட்டாள். சூசைரட்ணம் கூட வருவதாகச் சொன்னார். "நீங்க வந்தா வாத்தியார் மாதிரி விளக்கம் சொல்லுவீங்க. இது விளக்கத்துல முடியிற காரியமில்ல" என்று அவரை உட்கார வைத்துவிட்டாள்.

கங்காணி வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது ஆறரைக்குக் கொஞ்சம்தான் இருந்தது. அந்தப் பக்கத்து லயங்களுக்கெல்லாம் அங்கேதான் ரேடியோ. முன்வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் பெரிய பேட்டரி ரேடியோவை வைத்து, சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மலையிலிருந்து நேரே வந்தவர்கள் கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மார்கிரட் படியேறியதும் எல்லாத் தலையும் திரும்பியது.

அந்தோனியம்மா எழுந்தாள். "விட்டுட்டேன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்லங்க மதினி. நாடகம் கேக்க வந்தேன். கடைசி பஸ்ஸும் போயிருச்சு. இன்னைக்கு ராத்திரி இங்கதான் படுக்கணும்."

வந்தவளை இருட்டில் துரத்துவது எந்த லயத்திலும் வழக்கமில்லை. அந்தோனியம்மா திரும்ப உட்கார்ந்தாள். வெறுந்தேத்தண்ணி வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை. உள்வாசலில் நின்ற இசபெல் மட்டும் ஒரு பலகையை மெதுவாக நகர்த்திப் போட்டாள். மார்கிரட் அதில் உட்கார்ந்தாள்.

நாடகம் தொடங்கியது. இரண்டு கிழமைக்கு முன் கொழும்பில் பதிவு செய்தது. தன் குரலைத் தானே கேட்பது மார்கிரட்டுக்குப் புதிதில்லை. ஆனால் அதைக் கேட்கிற முகங்களை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை. ரேடியோவில் தைலம்மாள் வாயைத் திறந்ததும் ஒருத்தி, "வந்துட்டா மூதேவி" என்றாள். சொல்லிவிட்டுப் பலகையில் இருந்தவளைப் பார்த்துக் குறுகினாள். மார்கிரட் சிரித்து, "வையிங்க, வையிங்க" என்றாள்.

கதையில் மருமகள் குமுதா நாள் முழுக்க வேலை செய்துவிட்டுச் சாப்பிட வருகிறாள். அப்போதுதான் தைலம்மாள் சொல்கிறாள். "பானையக் கழுவிக் கவுத்துட்டேன். பசிச்சா ஒன் அப்பன் வீட்டுல போயித் தின்னு." அதற்குப் பிறகு குமுதா விம்முகிற சத்தம் மட்டும் நீளமாக வரும்.

அந்தோனியம்மா தீக்காயக் கையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "இதே சொல்லு" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "இதே சொல்லு. கழுவிக் கவுத்துட்டு, அதுக்குப் பக்கத்துலயே குந்திக்கிட்டு என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. நான் வாயத் தொறக்கல. ஒரு நாளும் தொறக்கல."

ரேடியோவில் குமுதா விம்மிக்கொண்டிருந்தாள். மார்கிரட் பலகையிலிருந்து எழுந்தாள். அந்த விம்மல் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். ரேடியோவுக்கு முன்னால் போய் நின்று, அதை மாமியார் முகம் போலப் பார்த்துப் பேசினாள். தைலம்மாளின் குரலில் இல்லை. பீலிக்கரையில் கூடையை இறக்கி வைக்கிற எந்தப் பெண்ணுடைய குரலாகவும் அது இருந்திருக்கலாம்.

"கழுவிட்டீங்களா மாமி? நல்லது. கழுவுன பானைதான் ஒலை வைக்க நல்லாருக்கும். அந்தப் பானையில வெந்த அரிசி யார் பேருல வந்துச்சு? விடியமுன்ன பெரட்டுக்களத்துல பேரு பதியப் போயி நின்னது யாரு? மழையில அட்டைக் கடியோட கொழுந்து எடுத்தது யாரு? அப்பன் வீட்டுக்கு நான் ஏன் போகணும்? இதுவும் என் வீடுதான். தள்ளி ஒக்காருங்க. அடுப்பு மூட்டப் போறேன். சோறு வெந்ததும் ஒங்களுக்கும் போடுறேன். பசிச்சவங்களுக்கு முன்னால பானையக் கவுக்குற பழக்கம் எனக்கு இல்ல."

ரேடியோவில் விம்மல் நின்று, பின்னணி இசை வந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. முதலில் ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அழுதாள். "அப்படிச் சொல்லு!" என்று இன்னொருத்தி தரையில் அடித்தாள். படங்குச் சாக்கோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "நாப்பது வருஷம் பிந்தி வந்துருக்கு, ஆனா வந்துருச்சு" என்றாள்.

அந்தோனியம்மா மட்டும் அசையவில்லை. "பானையக் கவுத்துட்டேன்ற சொல்லு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டாள்.

"பீலிக்கரையில அழுத பொம்பளைங்க சொன்னது மதினி. ஒருத்தி ரெண்டு பேரு இல்ல. நான் மனசுலேருந்து எடுத்த வெசம் இல்ல இது. ஒங்கள மாதிரி ஆளுங்க மேல ஊத்துனது. அத ஊரறியத் தைலம்மா வாயில போட்டேன். அம்புட்டையும் அங்கயே செலவழிச்சுட்டு வர்றேன். வீட்டுல பேச எனக்கு ஒரு கெட்ட வார்த்தகூட மிச்சமில்ல."

"எனக்கு மொத நாளே தெரியும் அத்தை" என்றது உள்வாசலிலிருந்து ஒரு குரல். இசபெல். "பொண்ணு பாக்க வந்தப்ப 'தண்ணி குடும்மா'ன்னு கேட்டாங்க, அப்பவே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமாடி சொல்லல?"

"ரேடியோவுல அவ்வளவு திட்டிட்டு வர்றவங்க வீட்டுக்கு வந்தா களைச்சுப் போயித்தானே இருப்பாங்கன்னு நெனச்சேன்."

மார்கிரட் அவளைத் திரும்பிப் பார்த்தாள். தொட்டில் பிள்ளைகளோடு பழகி மெதுவாகப் பேசப் பழகிய பெண், ஆனால் பேச்சில் உப்பு இருந்தது. இவளை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

அந்தோனியம்மா எழுந்து உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. ஒரு கோப்பையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக் கொண்டுவந்து மார்கிரட்டின் கையில் கொடுத்தாள். தீக்காயம் பட்ட கையாலேயே கொடுத்தாள்.

"சாப்பிடுங்க. பேச்சுல பசி தெரியுது." பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். "அந்தக் குமுதாப் புள்ள ரேடியோவுல எப்ப இப்படிப் பேசும்?"

மார்கிரட்டின் கை சோற்றில் நின்றது. இப்படி ஒரு பேச்சை மருமகள் பேசிவிட்டால் தைலம்மாளின் கதி என்ன? எட்டு வருஷ உழைப்பில் எடுத்த சிறந்த வசனத்தைத் தூக்கி இன்னொருத்தி வாயில் கொடுப்பதா? வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தயங்கினாள். பிறகு எதிரே இருந்த கையைப் பார்த்தாள்.

"பேச வைக்கிறேன்" என்றாள்.

"ஆனா தைலம்மா திருந்திரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் அந்தோனியம்மா. "திருந்திட்டா நாங்க யார வையுறது?"

வெள்ளிக்கிழமை கொழும்பில் பதிவு. நாடகம் எழுதுகிறவர் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார். "இதைக் குமுதா சொன்னால் தைலம்மாளுக்கு அடுத்து என்ன வேலை இருக்கும், அம்மா?"

"அடுத்த கிழமை அவ வேற பானை தேடிக்குவா. அவளப் பத்திக் கவலப்படாதீங்க, சமாளிச்சுக்குவா" என்றாள் மார்கிரட்.

குமுதாவாக நடித்த பெண் அந்த வசனத்தைப் பேசினாள். முதலில் கூச்சத்தோடு, பிறகு நிமிர்ந்து. தைலம்மாளுக்குப் பதில் வசனம் எழுதியிருந்தார்கள். மார்கிரட் அதைப் பேசவில்லை. மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்து, ஒரு மூச்சை இழுத்து, அப்படியே விட்டாள். அவ்வளவு நாளும் பேசிப் பேர் வாங்கியவளுக்கு அந்தப் பேசாமை பெரும்பாடாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தயாரிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மார்கிரட்டுக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை டயகமக் கோயிலில் நிற்க இடமில்லை. ஆண்கள்கூட நேரத்தோடு வந்திருந்தார்கள். கல்யாணம் அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை பின்னேரம் என்று சேர்த்துச் சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்தார். தடை என்ற சொல்லுக்கு வந்தபோது அவர் குரலே கொஞ்சம் தடுமாறியது.

அந்தோனியம்மா எழுந்து நின்றாள்.

ஆரோக்கியம் கங்காணி கண்ணை மூடிக்கொண்டார். டக்ளஸ் அப்பாவின் கையைப் பிடித்தான்.

"என்னம்மா, இன்னும் தடையா?" என்றார் சாமியார்.

"ஒண்ணே ஒண்ணு சாமி. புதன்கிழமை பின்னேரம் எப்படி வைக்கிறது? ஆறரைக்கு நாடகம் இருக்கே? அன்னைக்கு அந்தக் குமுதா பேசப் போகுதாம்."

கோயில் என்றும் பாராமல் சிரித்தார்கள். சாமியார் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கல்யாணத்தைத் திங்கட்கிழமைக்கு மாற்றினார். புதன்கிழமை தமக்கும் தோதுப்படாது என்று அவர் வாய்க்குள் சொன்னதை முன் வரிசை கேட்டது.

பிறகு மணமக்களுக்காக எல்லோரும் ஒரு செபம் சொல்வோம் என்றார். அந்தோனியம்மா நகர்ந்து தன் பக்கத்தில் இடம்விட, மார்கிரட் அங்கே முழந்தாளிட்டாள். செபம் தொடங்கியது. மார்கிரட் வாயைத் திறந்தாள். மேல்மலை நாயை எழுப்புகிற குரல், பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காமல் உடைந்து கரகரத்தது. இது நடிப்பில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

முழங்கையில் ஒரு இடி விழுந்தது. அந்தோனியம்மா பீடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"சத்தமாச் சொல்லுங்க சம்மந்தி. பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கலையாம்."